ஆயிரத்துக்கு இவ்வளவு

போனஸ் விழுந்த மறுநாள்
பீடிக்கடையில் ஒரு வார்த்தை சொல்லாமல்
நாலு பேரும் முக்கூடலில் பஸ் ஏறினோம்.
ஜன்னலோரம் ஜெபக்கனி, அவள் மடியில் என் பை.
முன் சீட்டில் ஆவுடைத்தங்கமும் மைதீன் பாத்தும்
இறங்குவதற்குள்
ஊரில் பாதிப் பேரைப் பேசி முடித்துவிட்டார்கள்.
மீதிப் பேர் திரும்பி வரும்போது.

கொக்கிரகுளம் அறிவியல் மையத்தில்
வளைந்த கண்ணாடி ஒன்று.
பாத்து அதில் பனையாய் நீண்டாள்.
நான் உரல்.
பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை.
"நாங்க இன்னும் பாத்து முடிக்கலடே" என்று
ஆவுடை மறுபடியும் போய் நின்றுகொண்டாள்.

பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தோம்.
எங்கள் ஊர் வழியாக வந்த தண்ணீர்தான்.
இங்கே வேறு மாதிரி இருந்தது,
நம் தெருப் பிள்ளை யூனிபாரம் போட்டதுபோல.

வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை.
விலைச்சீட்டைப் புரட்டி
ஜெபக்கனி ரூபாயில் வாசிப்பாள்,
பாத்து உடனே பீடியில் சொல்வாள்:
"இது மூவாயிரம்.
இது எண்ணூறு, அதுலயும் சாயம் போவும்.
அந்தா பொம்மை உடுத்திருக்கது
தீவாளியில இருந்து பொங்கல் வரைக்கும் சுத்தணும்."
துணி விரித்த பையன் முழித்தான்.

பட்டுப் பக்கம் நான் விரல் வைக்கவில்லை.
இலை நறுக்கி நறுக்கி நுனியெல்லாம் பிசிறு.
போன வருஷம் ஒரு சேலையில் நூல் இழுத்து
அதை நானே வாங்கும்படி ஆயிற்று.
புறங்கையால் தடவினேன்.
அதற்குத் தெரிகிறது வழவழப்பு.

ஆவுடையைக் காணோம்.
உடை மாற்றும் அறைக் கதவுக்குக் கீழே
அவள் மெட்டி தெரிந்தது.
"ஏட்டி, உள்ள வாங்க. சிரிக்கக் கூடாது."
நாற்பத்தாறு வயசு, பேரன் இருக்கிறான்,
ஜீன்ஸ் போட்டு நிற்கிறாள்.
மேலே ரவிக்கை,
தாலிக்கயிற்றில் ரெண்டு ஊக்கு.
சிரித்தோம்,
காவலுக்கு நின்ற பெண் கதவைத் தட்டுகிற வரைக்கும்.
அவள் சிரிக்கவில்லை.
ரெண்டு கையையும் ரெண்டு பைக்குள் விட்டு
முன்னும் பின்னும் திரும்பினாள்.
"பாருட்டி, பின்னாலயும் ரெண்டு."
இத்தனை காலம் காசை நெஞ்சில் செருகினவள்.

ஜங்ஷனில் மத்தியானச் சாப்பாடு.
ஜெபக்கனி கண்மூடி ஜெபித்து முடிக்குமுன்
அவள் அப்பளம் பாத்து வாய்க்குள் நொறுங்கியது.
சொதி ஊற்ற வந்தவரிடம்
இஞ்சித் துவையல் எங்கே என்றேன்.
"அது கல்யாண வீட்ல கேளுங்க."
பில்லுக்கு நாங்கள் போட்ட சண்டையில்
பக்கத்து மேசை சாப்பிடுவதை நிறுத்தியது.
பாத்துதான் கொடுத்தாள்.
"ரெண்டாயிரத்து நானூறு.
நாளைக்கு ஆளுக்கு அறுநூறு சுத்தித் தாங்க."

சாயங்காலம் டவுனில் அல்வாவுக்கு வரிசை.
நானும் ஆவுடையும் கோயிலுக்குள் போய்வர
மற்ற ரெண்டு பேரும் இடம் பிடித்து நின்றார்கள்.
திரும்பி வந்தால்
முன்னால் நின்ற கங்கைகொண்டான்காரர் மகளுக்கு
பாத்து மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறாள்.
இலைத்துண்டில் நூறு கிராம், சூடு.
தின்று முடித்து உள்ளங்கையை முகர்ந்தேன்.
மேலே நெய்,
அடியில் புகையிலை.

கடைசிக்கு முந்தின பஸ்.
பேட்டை தாண்டியதும் செக்கர் ஏறினார்.
காசில்லாத டிக்கெட்டை நாலு பேரும் நீட்டினோம்.
நாலும் சுற்றி, முனை மடக்கி,
நூல்தான் கட்டவில்லை.
"என்னக்கா இது" என்று
ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்தார்.
எப்போது சுற்றினோம் என்று
சத்தியமாய் எங்களுக்கே தெரியாது.

அவர் இறங்கின பிறகு பார்க்கிறேன்,
ஆவுடை மடியில் இருந்த பைக்குள்
நீலமாய் ஒரு முனை.
"வாங்கிட்டியா! எத்தனை?"
"மூவாயிரத்து ஐநூறு."
"எங்கட்டி போடுவ?"
"போடணும்னு யாரு சொன்னா."

கொண்டாநகரம் விளக்குகள் போய்
இருட்டில் வயல் வந்த பிறகு
யாரும் கேட்காமலே சொன்னாள்:
"ராத்திரி கதவச் சாத்திட்டு
பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு
சும்மா நிப்பேன்."

ஊரில் மீதிப் பேரைப்
பேச மறந்துபோனோம்.